சக்கைத்தூள்

ஸ்க்ரூ டிரைவரின் முனை திருகின் வாயில் உட்காராமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. அவன் கையை இழுத்து, விரல்களை விரித்து, நெற்றியில் மாட்டியிருந்த விளக்கின் வெளிச்சத்தில் பார்த்தான். நடுங்கின. பெரிய நடுக்கம் இல்லை. ஆனால் நடுங்குவதற்குக் காரணமே இல்லை. எனர்ஜி டிரிங்கை அவன் தலைமுழுகி ஒரு மாதத்துக்கு மேலாகிறது. வீட்டில் குடிக்கும் காப்பிகூட காஃபின் நீக்கிய தூளில் போட்டதுதான்.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா மாப்ள?" என்றான் கூட வேலை செய்யும் நெட்டை. லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் இருவரும் குந்தியிருந்தார்கள்.

"இல்லடா."

நெட்டை அவன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மெல்ல வாங்கி, தானே திருகை முடுக்கினான். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

நெட்டை நம்பாததற்கு நியாயம் இருந்தது. வேனில் ஏறும்போது ஒரு டின், சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, சாயங்கால வேலைக்கு ஒன்று என்று பல வருஷம் ஓடியவன் இவன். அந்தத் தித்திப்பான மருந்து வாசனை இல்லாமல் எந்த லிஃப்டையும் தொட்டதில்லை. கடைசியாகக் குடித்த நாளில் நெட்டை லிஃப்ட் பெட்டிக்குக் கீழே இருக்கும் அடிக்குழியில் இறங்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். மேலே இருந்த இவனுக்கு மனம் கையைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. நெட்டை மேலே ஏறிவிட்டான் என்று இவன் எப்படி நினைத்தான் என்பது இன்றைக்கும் விளங்கவில்லை. பெட்டியைக் கீழே இறக்கிவிட்டான். அவ்வளவு உயரமான ஆள் தரையோடு தரையாகப் படுத்ததால் பிழைத்தான். சூப்பர்வைசரிடம் நெட்டை மூச்சுவிடவில்லை. முழங்கையில் அப்பியிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே, "ஒண்ணு அந்த டின்ன விடு, இல்ல என்னை விடு" என்றான்.

இவன் டின்னை விட்டான். மனைவியிடம் காரணம் சொல்லவில்லை. தூக்கம் சரியில்லை, டாக்டர் நிறுத்தச் சொன்னார் என்று ஒரு பொய்யைச் சொல்லிவைத்தான்.

அவள் பெண்கள் அழகு நிலையத்தில் வேலை செய்கிறாள். கத்தரிக்கோல் தலையில் ஓட ஓட, வருகிற பெண்கள் எல்லாக் கதையையும் அவளிடம் கொட்டுவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை அவள் லிஃப்டில் மாட்டிக்கொண்டபோது கதவுக்கு வெளியே நின்று, அவள் பயம் மறக்கும்வரை வாய் ஓயாமல் பேசியவன் இவன். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்தக் குரலைப் பிடித்துவிட்டதாகச் சொல்லுவாள். அன்றைக்கு எத்தனை டின் குடித்திருந்தான் என்று அவளும் கேட்டதில்லை, இவனும் சொன்னதில்லை.

விட்ட புதிதில் தலை பிளந்தது. கொட்டாவி விட்டு விட்டுத் தாடை வலித்தது. சாப்பிட்ட கையோடு சோபாவில் சாய்ந்தால் விடியும்வரை பிணம் மாதிரிக் கிடந்தான். அவள் ஏதாவது கேட்டால், பதில் எங்கோ அடித்தளத்திலிருந்து ஏறி வருவதற்குள் அவள் அடுத்த வேலைக்குப் போயிருப்பாள். "சுவத்துக்கிட்ட பேசினாக்கூட எதிரொலியாவது வரும்" என்பாள். காஃபின் நீக்கிய தூளுக்குச் சக்கைத்தூள் என்று பெயர் வைத்ததும் அவள்தான். அவளுடைய காப்பித்தூளுக்கு ஒரு டப்பா, இவன் சக்கைக்கு ஒரு டப்பா.

பிறகு ஒருநாள் தலைவலி விட்டது. குளித்து வரும்போதே உடம்பு லேசாக இருந்தது. காலைச் சாப்பாட்டின்போது சூப்பர்வைசர் தும்முவதை நடித்துக் காட்டினான். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கரை ஏறிவிட்டோம் என்று நினைத்தான். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்படியிருக்க இந்த நடுக்கம் எங்கிருந்து வந்தது?

பழுது இருக்கும் இடம் தெரியாவிட்டால் ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிப் பார்ப்பது அவன் தொழில். முதலில் தலைவலி மாத்திரை மேல் சந்தேகம் வந்தது. அட்டையைப் படித்தான், அதில் காஃபின் இருந்தது. மிச்சத்தைத் தூக்கிப் போட்டான். நடுக்கம் போகவில்லை. கேன்டீன் பக்கம் போவதை நிறுத்தினான். அப்போதும் போகவில்லை. நெட்டையே தன்னைச் சோதிப்பதற்காகத் தண்ணீர் பாட்டிலில் எதையாவது கலக்கிறானோ என்று நினைத்து, பாட்டிலைக் கருவிப்பெட்டியில் வைத்துப் பூட்டினான். பூட்டும்போதே தன்னைப் பார்க்கத் தனக்கே அசிங்கமாக இருந்தது. எல்லாவற்றையும் கழற்றிய பிறகு அவள் போட்டுத் தரும் காலைக் காப்பி ஒன்றுதான் பாக்கி. அதை நினைக்கவே கூசியது. தன் உடம்பைச் சந்தேகப்படுவது அதைவிடச் சுலபமாக இருந்தது.

ஒருநாள் அவசர வேலை என்று பொய் சொல்லிவிட்டு, காப்பி குடிக்காமல் கிளம்பினான். மதியத்துக்குள் கண்ணுக்குப் பின்னால் அதே வலி, விட்ட புதிதில் வந்த அதே வலி, ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்தது. கைகள் மட்டும் நடுங்காமல் கல்லாக நின்றன. சக்கையைக் குடிக்காததற்கு யாருக்கும் தலை வலிக்காது. கட்டடத்தின் படிக்கட்டில் வெகுநேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வலியைவிட, கண்டுபிடித்ததுதான் கனத்தது.

மறுநாள் காலை அவள் இரண்டு கப்பையும் மேசையில் வைத்தாள். அவன் தன்னுடையதை அவள் பக்கம் நகர்த்தினான்.

"இன்னைக்கு மாத்திக்கலாம்."

"ஐயே, சக்கைய யாரு குடிப்பா?"

"சக்கைதானே? ஒரு வாய் குடி."

அவள் கப்பை எடுத்தாள். எடுத்ததை அப்படியே கீழே வைத்தாள். கரண்டியைத் தொட்டாள், விட்டாள்.

"எப்பலருந்து?" என்றான்.

"உங்களுக்குத் தலைவலி நின்னுச்சுல்ல. அப்பலருந்து."

அவன் எதிர்பார்த்திருந்த பதில்தான்.

"ஏன்?"

"நீங்க டின்ன விட்டதுலருந்து வீட்ல யாரோ ஒருத்தர் குடியிருக்காரு." அவள் மேசையைப் பார்த்தபடி பேசினாள். "நல்லவருதான். எந்திரிக்கிறாரு, சாப்பிடுறாரு, தூங்குறாரு. எனக்கு அவரைத் தெரியாதுங்க. வேற எவளாவது இருக்காளோன்னு உங்க சட்டைய மோந்து பார்த்தேன். போனை நோண்டினேன். ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமே இல்லன்னு தெரிஞ்சப்பதான் ரொம்ப பயமாயிடுச்சு."

கோபம் வரும் என்று அவன் காத்திருந்தான். நினைவில் வந்தது கிரீஸ் அப்பிய நெட்டையின் முழங்கை. அடிக்குழியில் நடந்ததை அப்போதுதான் முதல்முறையாக, ஒவ்வொரு வாக்கியமாகத் தேடித் தேடிச் சொன்னான். அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"உங்க கூட்டாளி போன வாரம் இங்க உக்காந்து சாப்பிட்டுப் போனாரே," என்றாள். "ஒரு வார்த்தை சொல்லலையே."

"நானும்தான் சொல்லல."

"சொல்லியிருந்தா உங்க டப்பால என் தூளைக் கலந்திருக்க மாட்டேன்." கரண்டியைக் கப்புக்குப் பக்கத்தில் நேராக வைத்தாள். "மாட்டேன்னுதான் நினைக்கிறேன்."

அன்று வேலைக்குப் போனதும் நெட்டையிடம், "கொஞ்ச நாளைக்கு நான் மேல ஏறல. கீழ நின்னு சாமான் எடுத்துக் குடுக்கிறேன்" என்றான். நெட்டை அவன் கையைத்தான் பார்த்தான். மறுபடி டின்னைத் தொட்டுவிட்டான் என்றே நெட்டை நினைப்பது தெரிந்தது. நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டான். வீட்டில் நடந்ததை வெளியே சொல்ல வாய் வரவில்லை.

கலப்பு நின்றதும் தலைவலி திரும்பி வந்தது, கொட்டாவியும் வந்தது. அவள் சமையலறைக்குள் போனாலே அவன் காது அந்தப் பக்கம் திரும்பியது. டப்பா மூடியின் சத்தம், கரண்டி தட்டும் சத்தம். அவளுக்கும் அது தெரிந்திருந்தது. தேவையில்லாமல் கதவை அகலத் திறந்து வைத்தாள். ஒருநாள் காலை அவள் உள்ளே போகவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "நீங்களே போடுங்க. எனக்கும் சேர்த்து" என்றாள்.

அவன் போட்டான். புதுத் தூள் பாக்கெட்டை வெட்டினான், பாலைப் பொங்கவிட்டு அடுப்பைத் துடைத்தான், எல்லாவற்றையும் நிதானமாகச் செய்தான். இரண்டு கப்போடு வந்து ஒன்றை அவள் முன்னால் வைத்தான்.

அவள் கையில் எடுத்தாள். வாய்வரை கொண்டுபோனவள் நிறுத்தி, மோந்து பார்த்தாள். பிறகு கப்பின் விளிம்புக்கு மேலே அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இது எந்தத் தூளுங்க?"

அவன் வாயைத் திறந்தான். பதில் அடித்தளத்திலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. இந்தமுறை அவள் எழுந்து போகவில்லை. கப்பை உதட்டருகே பிடித்தபடியே இருந்தாள். ஆவி மெலிந்து மெலிந்து, காப்பியின் மேல் மெல்லிய ஆடை ஒன்று படிய ஆரம்பித்தது.