ஆகாயத்துக்குத் தண்ணீர் கொடுத்த வண்டி

பத்து காஜாவிலிருந்து ஈப்போவுக்குப் போகிற பழைய சாலையில், ரப்பர் தோட்டமாக இருந்து, செம்பனையாகி, இப்போது பாதி வீடமைப்பாகிவிட்ட ஓரிடத்தில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. தோட்டம் போனபிறகும் அம்மனை யாரும் காலிசெய்யச் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை என்பதே சரி. அந்தக் கோயிலின் தலைவர் ஜெயபாலன் இந்த வருடத் திருவிழாத் தண்ணீர்ப் பந்தலுக்கென்று ஒரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

மஞ்சள் வண்டி. ஒரே ஆள் உட்காரக்கூடிய ஒடுங்கிய முன்பக்கம். பின்னால் வயிறு தள்ளிய தொட்டி. அதற்கும் பின்னால் கம்பி அடைத்த ஒரு மேடை. பொத்தானை அமுக்கினால் முனகிக்கொண்டே மேலே போகும். மேடைக்குக் கீழே ஆள் தொடை கனத்தில் ஒரு குழாய் சுருண்டு கிடந்தது. தொட்டியின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் AIR என்று இருந்தது. அதற்கடுத்து, தலைவர் இரு கைகூப்பிச் சிரிக்கும் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருந்தது.

"ஏர்னா காத்துதானே? டயருக்குக் காத்தடிக்கிற வண்டியா தலைவரே?" என்று கேட்டார் மேளக்காரர் பிச்சைமுத்து.

"நீ இங்கிலீஷ்ல படிக்கிற. மலாய்ல படிலா. ஆயர். ஆயர்னா என்னா?"

"தண்ணி."

"ஆங். பழைய ஏர்போர்ட்ல லேலோங் போட்டான், ஏலத்துல எடுத்தேன். பிளேனுக்குத் தண்ணி ஏத்துன வண்டி இது. ஆகாயத்துக்கே தண்ணி கொடுத்திருக்கு, நமக்குக் கொடுக்காதா?"

கைதட்டினார்கள். தலைவர் முப்பது வருடம் விமான நிலையத்தில் வேலை பார்த்தவர். கார் நிறுத்துமிடத்துச் சீட்டு அலுவலகம் என்பதை அவர் சொல்வதில்லை, நாகரிகம் கருதி மற்றவர்களும் கேட்பதில்லை. அவர் 'ரன்வே' என்று சொல்லும்போது கண்ணை லேசாக மூடுவார். அதைப் பார்த்தவர்கள் அவரே விமானத்தை இறக்கியவர் என்று நம்பியிருந்தார்கள்.

கைதட்டாமல் நின்றது புஷ்பலதா மட்டும். ஈப்போவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கேண்டீன் நடத்துகிறாள். பந்தலில் வருடாவருடம் கொடுக்கிற ரோஸ் சிரப் தண்ணீர் அவள் உபயம், அவள் கைக்கலவை. பால்குடம் எடுத்து வருகிற கூட்டம் அதைக் குடித்துவிட்டு, 'புஷ்பா ரோஸ்' என்று பேர் சொல்லி இன்னொரு டம்ளர் கேட்கும். அந்தக் கூட்டத்தில் அவள் கேண்டீனில் சாப்பிடுகிற பிள்ளைகளின் அப்பா அம்மாக்களும் உண்டு. நாலு பேருக்கு வயிற்றைக் கலக்கினால் போதும், கேண்டீன் கைவிட்டுப் போகும். இயல்பிலேயே அவளுக்கு எதன்மேலும் சந்தேகம். மீன்காரன் தராசில் வைத்த மீனை அவள் மறுபடி வீட்டில் நிறுத்துப் பார்ப்பாள். கட்டிய புருஷன் மகேந்திரன் கோயில் செயலாளர். அவன்மேல் உள்ள சந்தேகத்தைத் தனியாக எழுத வேண்டும்.

திருவிழா அன்று காலை தொட்டி நிறையத் தண்ணீர் ஏற்றியாகிவிட்டது. சிரப் போத்தல்கள் அடுக்கிய பெட்டியின்மேல் புஷ்பலதா உட்கார்ந்துகொண்டாள். எழுந்திருக்கவில்லை.

"எழுந்திரும்மா, ஊத்தணும்ல. பால்குடம் ஆத்தங்கரையிலேர்ந்து கிளம்பிருச்சாம்" என்றான் மகேந்திரன்.

"அந்தக் குழாய் ஏன் அவ்ளோ பெருசு?"

தலைவரே வந்து விளக்கினார். "பிளேன்ல எத்தன பேரு! முந்நூறு பேருக்குத் தண்ணின்னா சும்மாவா?"

"முந்நூறு பேரும் ஒரே நேரத்துல வாயத் தொறப்பாங்களா?"

"ஏறி நிக்கிற மேடையப் பாரு புஷ்பா, எவ்ளோ டெக்னிக்கல்."

"பார்த்தேன். மேல ரெண்டு மூடி இருக்கு. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு."

தலைவர் கொஞ்சம் யோசித்தார். "ஹாட், கோல்ட்."

"சின்ன மூடிக்குள்ள நீலமா கறை இருக்கே அண்ணே. தேச்சும் போகல."

"அது மருந்து. ஏர்போர்ட் ஸ்டாண்டர்ட். நமக்குப் புரியாது."

நமக்கு என்றால் அவரைத் தவிர மற்றவர்களுக்கு என்று அர்த்தம். மகேந்திரன் மனைவியின் காதருகே குனிந்தான். "பேசாம இருலா. தலைவர் ஏர்போர்ட் ஆளு."

"எங்க மாமாகூட ஆஸ்பத்திரி ஆளுதான். ஜாகாவா வாசல்ல காவல் இருந்தாரு. ஆப்பரேஷனா பண்ணாரு?"

அவள் எழுந்து வண்டியைச் சுற்றி வந்தாள். மறுபக்கம் ஓர் எழுத்தும் இல்லை. முழுக்கப் புது மஞ்சள், பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. அங்கே தலைவர் படம் ஒட்டத் தாராளமாக இடம் இருந்தது. முழு உருவமே ஒட்டலாம். அவரோ AIR-க்குப் பக்கத்தில், அந்த இடத்தில்தான் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்துவிட்டார். பந்தலில் முதல் டம்ளரைத் தலைவர் குடிப்பதும், அதைப் படம் எடுத்துக் கோயில் வாட்சாப்பில் போடுவதும் வழக்கம். போன வருடம் படம் சரியாக வரவில்லை என்று மூன்று முறை குடித்தவர் அவர். இந்த வருடம் சொன்னார்: "மக்கள் சேவையே மகேசன் சேவை என்பதால், இம்முறை முதல் டம்ளர் பக்தகோடிகளுக்கே! அடியேன் கடைசியில்."

கூட்டம் நெகிழ்ந்தது. எட்டு வருடமாகத் தலைவராக இருக்கிறவர் எதையும் கடைசியில் வாங்கி புஷ்பலதா பார்த்ததில்லை.

நேராகப் போனாள். வெயிலில் ஓரம் தூக்கியிருந்த ஸ்டிக்கரைப் பிடித்து இழுத்தாள். கூப்பிய கைகள் முதலில் கழன்று வந்தன. பிறகு சிரிப்பு.

"ஏய், ஏய், தலைவர் மூஞ்சிலா அது!" என்று ஓடிவந்தான் மகேந்திரன்.

மூஞ்சிக்கு அடியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தழும்பு நீளமாக ஓடியது. முதலில் ஒரு K தப்பியிருந்தது. கடைசியில் ஒரு N. நடுவில் ஒன்றுமில்லை.

"ஆயர்... கே..." என்று படித்தார் பிச்சைமுத்து.

"ஆயர் கோசோங்!" தலைவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். "பச்சத் தண்ணி! காப்பிக் கடையில கேக்கிறோமே, அதான். நான்தான் சொன்னேன்ல?"

எல்லோருக்கும் மூச்சு வந்தது. சிலர் சிரித்தார்கள். புஷ்பலதா சிரிக்கவில்லை.

"கோசோங்னா கடைசில G வரணும் அண்ணே. இங்க N நிக்குது."

கூட்டம் மனசுக்குள் எழுத்துக்கூட்டியது. கே-யில் தொடங்கி என்-னில் முடிகிற தண்ணீர். மகேந்திரன் வாயிலிருந்து அது தானாக வந்தது. வீட்டுக்கு வருகிற பில்லில் பார்த்துப் பார்த்துப் பழகிய வார்த்தை.

"ஆயர் கும்பாஹான்."

கழிவுநீர். டம்ளர் ஏந்தி வரிசையில் நின்ற ஒரு பெண் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சேலையில் கை துடைத்துக்கொண்டாள்.

"பிளேன்ல முந்நூறு பேரு போனத எறக்குற வண்டியா இது?" என்றார் பிச்சைமுத்து. "அதான் குழாய் பெருசு. அந்த நீலமும் கக்கூஸ் மருந்துதான்."

"யாருண்ணே தேச்சது?" என்று கேட்டாள் புஷ்பலதா.

"துருதாம்மா. பழைய வண்டியில்ல."

"துரு நேர்கோட்டுலயா பிடிக்கும்? முதலெழுத்தையும் கடைசி எழுத்தையும் விட்டுட்டு?"

"லேலோங்காரன் தண்ணி வண்டின்னுதான் சொன்னான். அப்படியே இருந்தாலும் கழுவியாச்சுலா! ஏழு தடவ கழுவச் சொன்னேன்!"

தண்ணீர் வண்டியை எதற்கு ஏழு தடவை கழுவச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. புஷ்பலதா தொட்டிக் குழாயைத் திருகி, டம்ளர் நிறையப் பிடித்து அவர் முன்னால் நீட்டினாள். படம் எடுக்கிறவர்கள் கைப்பேசியைத் தூக்கினார்கள்.

"குடிங்கண்ணே. நீங்க குடிச்சா நான் சிரப்ப ஊத்திர்றேன்."

தலைவர் டம்ளரைப் பார்த்தார். தண்ணீர் பளிங்கு மாதிரிதான் இருந்தது. "எனக்குத்தான் இனிப்பு நீரு இருக்கேம்மா. சீனி ஆகாது."

"சீனி இன்னும் போடலண்ணே. ஆயர் கோசோங்தான்."

அவர் டம்ளரை வாங்கினார். கூட்டத்தைப் பார்த்தார். அம்மன் இருந்த திசையைப் பார்த்தார். பிறகு, செடிகொடிகளும் உயிர்கள்தாம் என்று ஏதோ சொல்லிக்கொண்டே, பக்கத்தில் நின்ற செம்பருத்தியின் வேரில் பயபக்தியோடு ஊற்றிவிட்டு, இதை விசாரிக்கத் துணைக்குழு ஒன்று அமைக்கப்படும் என்று அறிவித்தார். துணைக்குழுவுக்கும் அவரே தலைவர்.

புஷ்பலதா தன் பெட்டிக்குத் திரும்பிப் போய்ச் சிரப் போத்தல்களைத் திறந்தாள். மகேந்திரன் கொட்டகையிலிருந்து பழைய நீலப் பீப்பாய்களை உருட்டி வந்து, கோயில் பைப்பில் நிரப்பினான். மனைவி மூக்கை வைத்து ஒவ்வொன்றையும் முகர்ந்து தலையாட்டும்வரை அவன் நகரவில்லை.

பால்குடம் வந்து சேர்ந்தது. புஷ்பா ரோஸ் ஓடியது. வெயில் ஏறியபோது வரிசையில், நெற்றி வேர்த்து, கையில் டம்ளரோடு தலைவர் நின்றார். அவள் ஊற்றினாள். ஒரே மடக்கு. மறுபடி நீட்டினார். மறுபடி ஊற்றினாள்.

மூன்றாவது டம்ளருக்குத்தான் கேட்டாள்: "சீனி போதுமா அண்ணே?"