பின் சீட்டுப் பலகை

காந்தம் தானாக என் கடைக்குள் வந்து நின்றபோது என் கையில் பெரிய கத்தரிக்கோல் இருந்தது. நல்லவேளை, எங்கள் இருவருக்கும் நடுவில் துணி வெட்டுகிற மேசை இருந்தது.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் காந்தத்தை வைத்திருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். பழைய கார் எதைக் கண்டாலும் அதை எடுத்து ஒட்டிப் பார்ப்பார். நல்ல தகடு என்றால் ஒட்டும். துருவைப் பட்டி பூசி மறைத்திருந்தால் வழுக்கி விழும். விழுந்துவிட்டால் மனுஷனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பழைய கார் சங்கத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் ஒரிஜினல் என்றால் ஒரிஜினல். அவர் உதட்டைப் பிதுக்கினால், வண்டியை ஓட்டி வந்தவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் என் தம்பியின் வண்டியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

என் தம்பி டிங்கர். நசுங்கின தகட்டைத் தட்டி நிமிர்த்துகிறவன். ஏதோ ஒரு கோழிப் பண்ணைக் கொட்டகையில் கிடந்த அந்த வண்டியை வாங்கி நாலு வருடம் தட்டினான். இரண்டு கதவு, மேலே மடக்கித் திறக்கிற துணிக்கூரை. அந்த ரகத்தில் நாலு கதவு வைத்த மூடின வண்டிகள்தான் ஏராளம். அவற்றை இன்றைக்கு யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதே எஞ்சின், அதே சக்கரம், ஆனால் இரண்டே கதவு, மேலே திறந்த கூடு என்றால் விலை ஆறு மடங்கு. பழைய கார் பைத்தியங்களின் ரசனை அப்படி. மழை வந்தால் நனைகிற வண்டிக்குத்தான் மவுசு.

அதனால் சில கில்லாடிகள் நாலு கதவு வண்டியின் கூரையை அறுத்துவிட்டு, பின் கதவுகளை வெல்டு வைத்து அடைத்து, திறந்த வண்டி என்று தலையில் கட்டிவிடுவார்கள். 'வெட்டு வண்டி' என்று இந்தக் கூட்டத்தில் அதற்குப் பெயர். அதைச் செய்த டிங்கர் என்று பேர் வாங்கிவிட்டால், அப்புறம் அவனிடம் யாரும் ஒரு மட்கார்டைக்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

அன்றைக்குக் கண்காட்சியில் காந்தம் எங்கள் வண்டியை இரண்டு சுற்று சுற்றினார். குனிந்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். பானெட்டுக்குள் இருந்த எண் தகடு புதுசு. பழையது துருவேறிக் கையோடு உதிர்ந்து வந்ததால், அதே எண்ணைப் புதுத் தகட்டில் அடித்து வைத்திருந்தான் தம்பி. மறைக்கவும் இல்லை, அவனே காட்டினான். நேர்மையாக இருந்தால் பாராட்டுவார்கள் என்று நினைத்தான், அசடு.

காந்தம் நிமிர்ந்து நூறு பேர் கேட்கச் சொன்னார்.

“வெட்டு வண்டிப்பா இது. சும்மா சொல்லக்கூடாது, சுத்தமா அறுத்திருக்கான். நம்ம காதுல பூ சுத்தப் பாக்கறான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் அப்போது துணியை வைத்துக்கொண்டு பம்பரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த மாதம் சங்கத்தின் இதழில் அதையே ஒரு பக்கத்துக்கு எழுதினார், வண்டியின் படத்தோடு.

அதோடு தம்பியின் பட்டறை படுத்துவிட்டது. ஏழு மாதம் கழித்து ஒரு தரகர் வந்து, நாலு கதவு வண்டியை உடைக்கக் கொடுக்கிற விலைக்குக் கேட்டார். கொடுத்துவிட்டான். இரண்டே மாதத்தில் அது காந்தத்தின் கொட்டகையில் நிற்கிறது என்று தெரிந்தது. அட பாவி! டார்ச் அடித்துப் பார்த்த அன்றைக்கே அது அசல் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. திறந்த வண்டிக்கு அடியில் கம்பெனியே வைக்கிற இரட்டை இரும்புச் சட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்திருக்கிறார். என் தம்பி இப்போது பஸ் டிப்போவில் பம்பர் நிமிர்த்துகிறான். கார் என்ற வார்த்தையையே வீட்டில் பேசுவதில்லை.

அந்த ஆள்தான் என் முன்னால் நின்றார்.

“நீங்கதான் சீட் தைக்கிறவங்களா? பிரமாதமா தைப்பீங்கன்னு சொன்னாங்கம்மா. வாசல்ல ஒரு வண்டி நிக்குது, வந்து பாருங்க.”

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் கண்ணுக்கு வண்டி தெரியும், அதைத் துடைக்கிற பொம்பளை எங்கே தெரியப்போகிறாள்? வாசலில் எங்கள் வண்டி நின்றது. தம்பி தட்டிய ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும். கத்தரிக்கோலை நான் இன்னும் கீழே வைக்கவில்லை. ஆனாலும் வாய், “உக்காருங்க சார்” என்றது.

இந்த வருடக் கண்காட்சிக்குப் பெரிய இடத்து ஆள் ஒருவர் இதை வாங்க வருகிறாராம். பழைய கார் பைத்தியங்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சிக்குக் கீறலும் வெடித்த தோலும் அப்படியே இருக்க வேண்டும். இன்னொரு கட்சிக்கு வண்டி நேற்றுத்தான் கம்பெனியிலிருந்து வந்தது மாதிரி மினுங்க வேண்டும். வருகிறவர் மினுமினுப்புக் கட்சி.

“உள்ள இருக்கற பழசெல்லாம் போகணும். எல்லாம் புதுசு. பத்தே நாள்.”

ஒப்புக்கொண்டேன். கோணலாகத் தைத்து அந்த ஆளின் மானத்தை வாங்கிவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தால், சனியன், கை நேராகத்தான் போகிறது.

மூன்றாம் நாள் பின் சீட்டைப் பிரித்தேன். தம்பி அதைத் தொடவே விடாத சீட். “கம்பெனித் தையல் அக்கா. ஒரிஜினல். நீ ஒரு நூலைப் பிரிச்சாலும் அது போச்சு” என்று என்னைப் பக்கத்திலேயே விடமாட்டான். தோலை உரித்து, ஸ்பிரிங்கைத் தூக்கினேன். அடியில் ஒரு பலகை. ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது. நடுவில் சூட்டுக்கோலால் கம்பெனி பொறித்த எண், கீழே வார்த்தையில்: இரண்டு கதவு, திறந்த கூடு.

எண்ணை இரண்டு முறை படித்தேன். தம்பி புதுத் தகட்டில் அடித்த அதே எண்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாலு வருடம் அவன் அந்த வண்டியோடு படுத்து எழுந்தான். நூறு பேர் முன்னால் அவன் மானம் சிரிப்பாய்ச் சிரித்தபோது, அவனைக் காப்பாற்றக்கூடிய பலகை அவனுக்குக் கையெட்டும் தூரத்தில்தான் இருந்திருக்கிறது. ஒரிஜினல் ஒரிஜினல் என்று பிரிக்காமலே விட்டிருக்கிறான். எனக்கு அழுகையும் வந்தது, அவனை நாலு அறை அறையவும் தோன்றியது.

உடனே தம்பிக்கு ஃபோன் போட்டிருக்க வேண்டும். போனைக் கையில் எடுத்தேன், உண்மையாகத்தான் சொல்கிறேன். அப்புறம்தான் யோசித்தேன். இந்தப் பலகை வெளியே வந்தால் தம்பி யோக்கியன் என்று தெரியும். சரி. வண்டி அசல் என்றும் தெரியும். வண்டி யாருடையது? காந்தத்துடையது. ஆறு மடங்கு விலை அவருக்கு, கோப்பை அவருக்கு, கைதட்டல் அவருக்கு. என் தம்பிக்கு என்ன? “ஸாரிப்பா” என்று ஒரு வார்த்தை, அதுவும் போகிற போக்கில். என்னால் பொறுக்க முடியவில்லை.

தம்பிக்குப் போடாமல் காந்தத்துக்குப் போட்டேன்.

“சார், பின் சீட்டுக்கு அடியில ஒரு பழைய பலகை இருக்கு. கொஞ்சம் செல்லரிச்சிருக்கு. வச்சுக்கவா, மாத்தவா? வந்து ஒரு தடவை பாத்துடறீங்களா?”

“கட்டையைப் பாக்க நான் எதுக்கும்மா வரணும்? தூக்கிப் போடுங்க. புதுசு வைங்க.”

“அப்புறம் கேக்கக்கூடாது சார்.”

“யாரும்மா கேக்கப்போறா? கட்டையையா?”

தகடு, எஞ்சின், போல்ட் என்று இரும்பில் உள்ள எண்ணெல்லாம் அவருக்கு மனப்பாடம். மரத்தை அவர் என்றைக்கும் மதித்ததில்லை. சாயங்காலம் முன் சீட்டைப் பார்க்க வந்தவரிடம் ஜாப் கார்டை நீட்டினேன். 'பழைய பலகை தேவையில்லை' என்று எழுதி வைத்திருந்தேன். புதுத் தோலைத் தடவிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பலகை அவர் காலுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தது. குனியவில்லை.

மறுநாள் மத்தியானம், கடைக்குப் பின்னால் வெட்டுத் துணி எரிக்கிற தகர டப்பாவில் அதைப் போட்டு எரித்தேன். காய்ந்த மரம், சீக்கிரம் பிடித்துக்கொண்டது. எழுத்துக் கருகுகிற வரைக்கும் நின்று பார்த்தேன். பொய் எதற்கு, மூன்று வருடத்தில் அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

கண்காட்சிக்குப் போனேன். போகாமல் இருப்பேனா? வண்டி தகதகவென்று நின்றது. மதிப்பிட வெளியிலிருந்து வந்திருந்த அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

“எண் தகடு புதுசா இருக்கே?”

“பழசு துருவேறிப் போச்சு மேடம். அடியில சட்டம் பாருங்க, அசல்.”

“சட்டத்தை யார் வேணா அடிக்கலாம். இந்தக் கம்பெனி பின் சீட்டுப் பலகையில சூடு வச்சு எழுதும். சீட்டைத் தூக்குங்க.”

தூக்கினார். உள்ளே என்னுடைய புத்தம்புதுப் பலகை, பால் மாதிரி வெள்ளையாக. அம்மாள் தன் பையிலிருந்து சங்கத்தின் பழைய இதழை எடுத்தார்.

“இது வெட்டு வண்டின்னு ஒரு பக்கம் எழுதியிருக்காங்க. கீழ உங்க பேருதானே போட்டிருக்கு?”

அந்த முகத்தைப் பார்க்கணுமே! பொய் எழுதினேன் என்றால் பித்தலாட்டம், உண்மை எழுதினேன் என்றால் வண்டி போலி. அவருடைய வண்டவாளம் அன்றைக்குத் தண்டவாளம் ஏறியது. அம்மாள் பதிவேட்டில் 'மாற்றியமைக்கப்பட்ட வண்டி' என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனார். வாங்க வந்தவர் தன் காரில் ஏறினார். கூட்டத்தில் எவனோ, “அண்ணே, அந்தக் காந்தத்தைக் கொஞ்சம் குடுங்க, ஒட்டிப் பாப்போம்” என்று கத்தினான். நானும் சேர்ந்து சிரித்தேன், வயிறு வலிக்க.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற பிறவியா நான்?

இரண்டு நாள் கழித்துக் காந்தம் கடைக்கு வந்தார். சட்டை கசங்கியிருந்தது.

“அம்மா, அந்தப் பலகை...”

“நீங்கதான் சார் தூக்கிப் போடச் சொன்னீங்க. கையெழுத்து இருக்கு.” ஜாப் கார்டை முகத்துக்கு நேராகப் பிடித்தேன். “நான் யாருன்னு தெரியுதா? கூரையை அறுத்தவன்னு சொன்னீங்களே ஒரு டிங்கரை, அவனோட அக்கா.”

மேசையைப் பிடித்துக்கொண்டார். அப்போதே எரித்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்த ஆள் நாயாய் அலைய வேண்டும், தூக்கம் வராமல் புரள வேண்டும் என்று எனக்கு ஆசை.

“பழைய சாமான் நிறைய கிடக்கு. தேடிப் பாக்கறேன்” என்றேன்.

“தேடுங்கம்மா. கால்ல வேணா விழறேன்.”

“பாக்கலாம்.”

ஒரு வாரம் தினமும் ஃபோன். “தேடிட்டுத்தான் இருக்கேன் சார்” என்று தினமும் சொன்னேன். சொல்லிவிட்டுப் போனை வைக்கும்போது தித்திக்கும்.

எட்டாம் நாள் தம்பி வந்தான். சவரம் செய்து, நல்ல சட்டை போட்டிருந்தான். மூன்று வருடமாக நான் பார்க்காத முகம். கையில் ஒரு காகிதம்.

“அக்கா, படி இதை.”

காந்தத்தின் கையெழுத்து. 'வண்டி அசல் என்று தெரிந்தே பொய் எழுதினேன். குறைந்த விலைக்கு வாங்கவே அப்படிச் செய்தேன். அதைச் சீர்செய்த டிங்கர் மீது எந்தக் குற்றமும் இல்லை.' அதற்குக் கீழே அந்த அம்மாள் இரண்டு வரி எழுதியிருந்தார். பலகையைக் கொண்டு வந்தால் பதிவேட்டைத் திருத்தி, இந்தக் கடிதத்தையும் இதழில் போடுவேன். பலகை இல்லாமல், சொந்த வண்டியைப் பற்றி அதன் முதலாளி சொல்வது செல்லாது.

“டிப்போவுக்கே வந்துட்டாரு அக்கா. எல்லார் முன்னாடியும் கைய கூப்பினாரு. நீ தேடிட்டு இருக்கேன்னு சொன்னியாமே. நீ எதையாவது தூக்கிப் போட்டிருக்கியா இதுவரைக்கும்? எங்க வச்சிருக்க, எடு. பதிவேட்டு வேலையா தங்கியிருந்த அந்தம்மா சாயங்காலத்துக்குள்ள ஊருக்குக் கிளம்பிடுவாங்க.”

தையல் மிஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டேன்.

“எரிச்சுட்டேன்டா.”

அவன் சிரித்தான். விளையாட்டு என்று நினைத்துவிட்டான். நான் சிரிக்காததைப் பார்த்து அவன் சிரிப்பும் நின்றது.

“ஒரு போட்டோவாவது...?”

“எடுக்கல. அந்தாளுக்கு ஒண்ணும் கிடைக்கக்கூடாதுன்னுதான்டா. உன்னை அப்படிச் செஞ்சவன்...”

“அதுல என்ன எழுதியிருந்துச்சு?”

எண்ணைச் சொன்னேன். இரண்டு கதவு, திறந்த கூடு என்று சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னான். சொன்னேன். அவன் உதடு அந்த எண்ணைச் சத்தமில்லாமல் கூடவே சொன்னது.

“எப்பப் பாத்த?”

“சீட்டு பிரிச்ச அன்னைக்கு. இருபது நாளாச்சு.”

கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். கத்துவான், மிஷினைக் கீழே தள்ளுவான் என்று காத்திருந்தேன். அதையாவது செய்திருக்கலாம், படுபாவி.

“உண்மை தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தது அந்தாளு ஒருத்தன்தான்னு நினைச்சேன் அக்கா” என்றான். டிப்போவில் அரை நாள்தான் லீவு சொல்லியிருக்கிறேன் என்று கிளம்பினான்.