கோபக்குழிப் பூசணிகள்

எருக்குழியோரக் கொடியில் அந்த வருடம் காய்த்த முதல் பூசணிக்காய், கத்தி பட்டதும், "இவரு கண்ண மூடி உட்கார்ந்தா அது தியானம் இல்ல, தூக்கம்" என்று கேப்டன் மனைவியின் குரலில் சொல்லிவிட்டு இரண்டாகப் பிளந்தது. உள்ளே சதை நல்ல மஞ்சளாக இருந்தது. மதியம் அதையே வேகவைத்துச் சாப்பிட்டார்கள். கேப்டன் மட்டும் பசியில்லை என்றார்.

கேப்டன் முப்பது வருடம் விமானம் ஓட்டி, ஊர்ப்பட்ட எண்ணெயை வானத்தில் எரித்துத் தீர்த்தபின், பூமியைக் காப்பாற்றும் புத்தி வந்து அந்தக் குடியிருப்பைத் தொடங்கியவர். மூன்று மதங்களைச் சேர்ந்த குடும்பங்கள், எதையும் நம்பாத ஒரு பிளம்பர். எந்தத் திசையைப் பார்த்துக் கும்பிடுவது என்ற தகராறு வராமலிருக்கப் பிரார்த்தனைக் கூடத்தை வட்டமாகக் கட்டினார்கள். துடைப்பம் சாத்த ஒரு மூலைகூட இல்லாமல் போயிற்று. வாய்விட்டுச் சொன்னால் யார் கடவுள் பெயர் முதலில் என்ற கேள்வி வரும் என்பதால் பிரார்த்தனை மௌனமாக நடந்தது. வீட்டுக்கு வீடு இரண்டு தொட்டிகள்: மக்கும் குப்பை, மக்காத குப்பை. மக்காதது சேர்ந்துவிட்டால் அந்த வீட்டுக்காரர் கூட்டத்தில் எழுந்து நின்று காரணம் சொல்லவேண்டும். கோபத்தை எந்தத் தொட்டியில் சேர்ப்பது என்று ஒருமுறை பேச்சு வந்தபோது, வார்த்தை இயற்கையானது, ஆகவே மக்கும் என்று கேப்டன் தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து யாருக்கு யார்மீது மனத்தாங்கல் வந்தாலும் எருக்குழிக்குப் போய்க் குனிந்து சொல்லி, ஒரு கை சருகு போட்டு மூடிவிட்டு, சிரித்த முகமாகத் திரும்புவது வழக்கமாயிற்று. பல வருடம் அங்கே யாரும் யாரையும் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. பிளம்பர் மட்டும் முகத்துக்கு நேரே திட்டுவார். பண்பில்லாத ஆள் என்று அவரைப் பற்றிச் சொன்னார்கள், குழியில்தான்.

கணவர் இறந்தபின் நகரத்துக் கிளினிக்கைப் பூட்டிவிட்டு, ஒரே மகளோடு வந்து சேர்ந்தவள் பல் டாக்டரம்மா. மகள் அதே குடியிருப்பிலிருந்த பேக்கரிக்காரம்மாவின் மகனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். அவர்கள் வேறு மதம். குடியிருப்பே ஆனந்தக் கூத்தாடியது. இதற்காகத்தானே இத்தனை வருடம் கஞ்சத்தனமாகத் தண்ணீர் செலவழித்தோம் என்று கேப்டன் கண்கலங்கினார். மகள் மட்டும் அம்மாவைத் தனியாகப் பிடித்தாள்.

"மனசார சொல்லும்மா. பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடு. பின்னாடி ஏதாவது என் காதுல விழுந்துச்சு, உன் முகத்துலயே முழிக்க மாட்டேன்."

"ச்சீ, என்னடி பேச்சு இது? நாமெல்லாம் எதுக்கு இங்க வந்தோம்?"

சொன்ன கையோடு டாக்டரம்மா குழிக்குப் போனாள். "அவங்க நம்ம ஆளுங்க இல்ல. இந்தக் கல்யாணம் நின்னு போகணும்" என்றாள். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கை சருகு போட்டாள்.

அதற்குப் பிறகுதான் பூசணிகள் பேசத் தொடங்கின. ஒவ்வொரு காயும் ஒரே ஒரு தடவை, சொன்னவர் குரலிலேயே. கேப்டன் இதைப் பல்லுயிர்ப் பெருக்கம் என்றார். மருந்தடிக்காத தோட்டத்தில் மற்றதையெல்லாம் புழு தின்றுவிட்டது. குழியோரக் கொடி மட்டும் வஞ்சகமில்லாமல் காய்த்தது. வெளிக்காய் வாங்கக்கூடாது என்பது சட்டம். ஆகவே கல்யாண விருந்து பூசணிதான் என்று முடிவாயிற்று. அத்தனையையும் நானே நறுக்குகிறேன் என்று டாக்டரம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். தாயின் பூரிப்பைப் பார் என்று வெளியே பேசிக்கொண்டார்கள். உள்ளே அவள் சொத்தைப் பல்லைத் தட்டிப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு காயையும் கத்திப்பிடியால் தட்டினாள். ஒன்று தொண்டையைச் செருமியது. பல்லைப் பிடுங்கியாக வேண்டும் என்று நோயாளியிடம் சொல்வதற்குமுன் அவள் செருமுகிற அதே செருமல்.

அதை வெட்டவும் முடியாது, வெளியே வீசவும் முடியாது. வாசலைத் தாண்டும் எதையும் கேப்டன் எடைபோட்டுத்தான் விடுவார். புதைத்தால் முளைக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று அவளும் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான். ஆனால் அண்டா பெரிது, சோறும் நிறைய. மறைத்தாள்.

வட்டக் கூடத்தில் பந்தி. முதல் சோற்றைப் பெண்ணும் மாப்பிள்ளையும் பரிமாறவேண்டும். மகள் கரண்டியை ஓங்கி இறக்கினாள். ணங்கென்று சத்தம் கேட்டது. "அவங்க நம்ம ஆளுங்க இல்ல. இந்தக் கல்யாணம் நின்னு போகணும்." ஒதுங்க மூலை இல்லாததால் அந்தக் குரல் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து டாக்டரம்மாவின் காதிலேயே விழுந்துகொண்டிருந்தது. எதிர்வரிசையில் மாப்பிள்ளை அவசரமாகத் தன் அம்மா வீட்டில் வடித்துக் கொண்டுவந்த இன்னொரு அண்டாவில் கரண்டியைவிட, அங்கேயும் ணங். இப்போது பேக்கரிக்காரம்மாவின் குரல். ஓர் எழுத்து மாறவில்லை. இரண்டு மதங்கள் அட்சரம் பிசகாமல் ஒத்துப்போனது அந்தக் குடியிருப்பில் அதுவே முதல் தடவை.

"சாயங்காலம் எடுத்துடலாம்னுதான் வெச்சேன், சம்பந்தி" என்றாள் பேக்கரிக்காரம்மா.

"நானும்தான்."

"பத்துப் பொருத்தமும் அமோகம்! சோத்தப் போடுங்கப்பா, ஆறுது" என்றார் பிளம்பர்.

மகள் கரண்டியை வைத்துவிட்டு அம்மாவின் முன்னால் வந்து நின்றாள்.

"முழிக்க மாட்டேன்னு நான் உன் முகத்துக்கு நேராதான் சொன்னேன். அதனால மாத்திக்கிறேன். நீ குழியில சொன்னதத்தான் மாத்த முடியாது."

இரண்டு காய்களின் விதைகளையும் வழித்தெடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். கல்யாணம் நின்றுபோகவில்லை. ஆனால் அந்த வாரமே புருஷனோடு நகரத்துக்குக் குடிபோய்விட்டாள்.

குடியிருப்பில் குழியை மூடவில்லை. காய்களைச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். வாங்குகிறவர் சொந்தக்காரராக இல்லாதவரை ஒன்றும் ஆவதில்லை. மகள் வீட்டு மொட்டைமாடித் தொட்டியிலும் கொடி நன்றாகப் படர்ந்திருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை டாக்டரம்மா போவாள். மகள் காயையும் கத்தியையும் அவள் முன்னால் வைப்பாள். முதல் வருடம் டாக்டரம்மா அழுதாள். அடுத்த வருடம் சுவரைப் பார்த்தாள். இப்போதெல்லாம் காய் செருமும், சொல்லவேண்டியதைச் சொல்லும், பிளக்கும். பேரன் விளையாட்டை நிறுத்துவதுகூட இல்லை.

"போன வருஷத்தவிட இனிப்பா இருக்குல்ல?" என்றாள் டாக்டரம்மா இந்தமுறை.

"அதே காய்தாம்மா. சாப்பிடு" என்றாள் மகள்.