கூட்டத்துக்கு வழி

"கொஞ்சம் தரமான ஆட்கள் வர்ற கூட்டம் ஏதாவது இருக்காம்மா?" என்று கைபேசியில் கேட்டார் இன்சூரன்ஸ் கம்பெனி துணை மேலாளர். குடியை விட்டவர்களும் விடப் பார்ப்பவர்களும் கூடுகிற இடத்திலும் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு உண்டு என்பது அவர் நம்பிக்கை. "நான் அந்த மாதிரி குடிகாரன் இல்ல."

"இங்க வர்ற யாருமே அந்த மாதிரி இல்ல தம்பி," என்றது ஒரு பெண் குரல். பின்னணியில் டம்ளர் கழுவும் சத்தம். அவரை யாரும் தம்பி என்று கூப்பிட்டுப் பல வருடமாகியிருந்தது.

காலையில் மனைவி சண்டை போடவில்லை. மகளின் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தபடி, "இன்னைக்குக் குடிச்சுட்டு வந்தீங்கன்னா நாங்க அண்ணன் வீட்ல இருப்போம்" என்று, பால் வாங்கி வரச் சொல்லும் குரலில் சொன்னாள். பிறகு இந்த எண்ணை அவர் கைபேசியில் பதிந்து கொடுத்தாள். அந்தக் குரல்தான் நாள் முழுக்கக் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

"எப்படி வரணும்?"

"ரயில்வே கேட் பக்கம் பச்சைக் கதவு பார் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப வழி சொல்றது கஷ்டம் தம்பி. இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்ச அடையாளமெல்லாம் அதுங்கதான். மத்ததை நான் நிதானமா பாத்ததே இல்ல."

அவர் தொண்டையைச் செருமினார். "அதுக்கு எதிர்லதான் நிக்கிறேன்."

"நல்லது. நேரா நடங்க. மாடி பார் வரும். தாண்டினா மீன் தொட்டி வெச்ச பார். அதை ஒட்டின சந்துல டயர் கடை மாடி."

நகரசபை எத்தனை பலகை நட்டாலும் இவ்வளவு தெளிவாக வழி காட்டியிருக்காது. பச்சைக் கதவுக்கு முதுகைக் காட்டினார். மாடி பாரைத் தலை நிமிராமல் தாண்டினார். மீன் தொட்டி பார் வாசலில் பரிமாறுபவன் சலாம் போட்டான்.

"சார், உங்க மூலை காலியா இருக்கு."

ஆபீஸில் அவருக்கென்று யாரும் இப்படி இடம் போட்டு வைத்ததில்லை. கால் நின்றுவிட்டது.

"தம்பி?"

"தெரிஞ்சவங்க கூப்பிடறாங்க."

"கூப்பிடத்தான் செய்வாங்க. நீங்க என்கிட்ட பேசிக்கிட்டே வாங்க."

"என்னத்தைப் பேச?"

"உங்க ஆபீஸ் பத்திப் பெருமை அடிங்க. கேக்கறேன்."

அடித்தார். கோப்புகளுக்கு நிற வரிசை கொண்டுவந்ததே தான்தான் என்பதில் தொடங்கி, தலைமை அலுவலகத்துப் பெரியவர் தன் கையைக் குலுக்கியது, அந்தக் கையின் மென்மை வரைக்கும். இந்தக் கதை ஆரம்பித்தால் சக ஊழியர்கள் கழிப்பறைக்குக் கிளம்புவார்கள். மனைவி விளக்கை அணைப்பாள். இதுவரை அவர் அதை முழுதாகச் சொல்லி முடித்ததே இல்லை. இவளோ "ம்" கொட்டினாள். போதாததற்கு "அப்புறம்?" என்று வேறு கேட்டாள். மீன் தொட்டி பாரை எப்போது தாண்டினார் என்றே தெரியவில்லை. சந்து திரும்பியதும் நன்றி சொல்லத்தான் வாயெடுத்தார். பழக்கதோஷத்தில் பதவி உயர்வுக் கதை வந்துவிட்டது.

மாடிப்படி குறுகல். ரப்பர் நாற்றம். பாதியில் நின்றார்.

"அந்தப் பதவி உயர்வு எனக்கு வரல்லம்மா. எம்மேல குடி வாடை அடிக்குதுன்னு சொல்லிட்டாங்க."

"ம்."

அது இரண்டு முறை கேட்டது. ஒன்று காதோரம் இருந்த கைபேசியில். இன்னொன்று மேலே, திறந்த கதவருகில், ஈரக் கையோடு கைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு நின்றவளிடமிருந்து.