ஆறரை மணிக்குக் கண்ட யானை

எங்கள் குச்சவெளியில் எதையாவது கண்டேன் என்று சொல்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. போன வருடம் தேநீர்க் கடைக் கலீலுர் றஹ்மான் நானா நடுக்கடலில் முதலை கண்டதாகச் சத்தியம் செய்தார். அதற்கு முதல் வருடம் ஒருத்தன் ஆவுளியா என்கிற கடற்பசுவைக் கண்டானாம், அது குட்டிக்குப் பால் கொடுத்ததாம். இன்னொருத்தன் பட்டணத்துக் கோட்டைக்குள் திரியும் மான் ஒன்று துறைமுகத்தைக் குறுக்கே நீந்திக் கடந்ததைக் கண்டான். படம் எடுத்தாயா என்று கேட்டால் எல்லாருக்கும் அந்த நேரம் பார்த்துத்தான் போனில் சார்ஜ் இருக்காது. "கண்ணாடியைத் துடைச்சுப்போட்டுக் கடலுக்குப் போங்கோ நானா" என்று நான் கடையில் வைத்தே சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

என் பெயர் இராகுலன். பதினெட்டு வயதிலிருந்து கடலுக்குப் போகிறேன், முப்பத்தாறு வயதாகிறது. இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை நானே கண்டேன்.

அன்று விடிய முன்னரே நானும் அத்தானும் வலை விட்டிருந்தோம். அத்தான் என்றால் என் அக்கா கஜந்தியின் கணவர், தனஞ்சயன். தம்பலகாமத்து வயற்காரர். கலியாணம் முடித்து எங்கள் ஊருக்கு வந்த பிறகுதான் கடலில் இறங்கியவர், படகை இன்னும் உழவு மிசின் மாதிரித்தான் ஓட்டுவார். படகு அவருடையது. நான் அவரோடு போகிறவன்.

வலைதான் சங்கதி. அது தங்கூசி வலை, கண்ணாடி மாதிரி நைலோன் இழையில் பின்னியது, சட்டத்தில் தடை செய்தது. போன வருடம் அத்தான் அதோடு பிடிபட்டு, படகும் எஞ்சினும் எட்டு மாதம் வழக்கில் கிடந்தன. திருப்பிக் கொடுத்த அன்று நீதவான் ஒரே ஒரு வசனம்தான் சொன்னார்: இன்னொரு முறை பிடிபட்டால் படகு அரசுக்கு. அந்த எட்டு மாதமும் அக்கா ஆட்களின் வீடுகளில் உடுப்புத் தோய்த்தாள். அத்தான் கதிரையில் இருந்து சுவரைப் பார்த்தார். பிறகும் ஏன் அதே வலை என்று கேட்பீர்கள். நூல் வலையை மீன் காணும், தங்கூசியைக் காணாது. அவ்வளவுதான். புத்தி சொல்ல வருகிறவர்கள் ஒரு மாதம் நூல் வலையில் பிடித்துப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு வந்து சொல்லட்டும்.

மணி ஆறரை இருக்கும். கரை ஒரு கோடாகத் தெரிந்தது. படகுக்குக் கொஞ்சம் தள்ளிக் கறுப்பாக ஒரு மேடு தண்ணீருக்கு மேல் வந்தது. அடைமழைக்கு அடிபட்டு வந்த மரக்கட்டை என்றுதான் நினைத்தேன், ஆடியில் ஏது அடைமழை என்றுகூட யோசிக்கவில்லை. அந்தக் கட்டை மூச்சு விட்டது.

"அத்தான், அங்க பாருங்கோ!"

அவர் எழும்பி நின்று பார்த்தார். வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. "டேய், யானையடா."

"கடலுக்கயோ? விசரே உங்களுக்கு?"

"எனக்கு யானை தெரியாதோ? எங்கட வயல்ல எத்தினை யானைக்கு வெடி கொளுத்தினனான். அலியன். கொம்பில்லை. இளந்தாரிப் பயல்."

தும்பிக்கையின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே நின்று, புஸ் என்று காற்றை விட்டது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, வெட்கம் கெட்ட சிரிப்பு. வடக்கே எங்கேயோ கடலில் திறக்கும் களப்பு நீரைக் கடக்க இறங்கி, முகத்துவாரத்து ஓட்டத்தில் அள்ளுப்பட்டிருக்க வேண்டும். அது கச்சான் காலம், காற்றுக் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். கரையைப் பார்த்து அது நீந்த நீந்தக் காற்று அதை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

அத்தான் எஞ்சினைக் குறைத்துப் பக்கத்தில் விட்டார். யானை எங்களைக் கண்டது. உடனே திரும்பி எங்களை நோக்கி வரத் தொடங்கியது. பிடிக்க ஏதோ கிடைத்துவிட்டது என்று நினைத்திருக்கும், பாவம். கண் எனக்கு நன்றாகத் தெரிந்தது. உப்புத் தண்ணீரில் சிவந்து போயிருந்தது. தும்பிக்கை படகின் விளிம்பைத் தொட்டது.

"ஐயோ, ஏறப் பாக்குதடா! கவிட்டுப் போடும்!" அத்தான் எஞ்சினை முறுக்கிக்கொண்டு விலகினார். அது பின்னால் வந்தது. நாங்கள் இன்னும் விலகினோம். அது இன்னும் வந்தது. பிறகு வருவதை விட்டுவிட்டு, இருந்த இடத்திலேயே காலை அடித்துக்கொண்டு நின்றது. என் ஆயுளில் எவரும் என்னிடம் அப்படிக் கெஞ்சியதில்லை.

"நேவிக்குப் போன் அடிப்பம் அத்தான். அவங்களிட்டத்தான் கயிறும் ஆளும் இருக்கு. எங்கள் ரெண்டு பேரால ஏலாது."

"அடி. அடிச்சா வருவாங்கள். வந்தா இது என்னெண்டு கேப்பாங்கள்." கையால் வலையின் மிதப்புகளைக் காட்டினார். கடலில் நேர்கோடாக அவை மிதந்தன.

"வெட்டி விடுவம்."

"விசர்க்கதை கதையாத. வெட்டினா மிதந்துகொண்டுதானே நிக்கும்? சுத்தி வேற படகும் இல்லை. ஆரின்ர வலையெண்டு கேட்டா, யானையின்ர எண்டு சொல்லுறதோ?" குனிந்து வலைக் கயிற்றைப் பிடித்தார். "உன்ர அக்கா காப்பைக் கழட்டித் தந்து வாங்கின வலையடா. படகும் போனா நானும் உந்த யானையும் ஒண்டுதான்."

நான் யானையைப் பார்த்தேன். அக்காவையும் நினைத்தேன். கையில் போன் இருந்தது, ஒரு கோடு சிக்னலும் இருந்தது. பொத்தானை அழுத்தாமல் சட்டைப் பைக்குள் வைத்தேன். அதைச் செய்தது நான்தான், அத்தான் என் கையைப் பிடித்து வைக்கவில்லை.

"கெதியா இழுப்பம். கரையில போட்டுட்டு வந்து அடிப்பம். அது நீந்தும். யானை நாள்கணக்கா நீந்தும்" என்றார் அத்தான்.

இழுத்தோம். நாசமாய்ப் போன மீன், அன்றைக்கென்று பார்த்து வந்தது. மூன்று மாதமாகக் கண்ணில் படாத பாரையும் அறக்குளாவும் வலைக் கண்ணுக்குக் கண் மாட்டியிருந்தன. ஒவ்வொன்றையும் கழற்றாமல் வலை வராது. "போதும், போதும்" என்று மீனுக்கு ஏசினேன். மீனைப் பார்த்துப் போதும் என்று சொன்ன மீன்காரன் இலங்கையில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். நிமிர்ந்து பார்க்கும் நேரமெல்லாம் தும்பிக்கை இன்னும் கொஞ்சம் தெற்கே, இன்னும் கொஞ்சம் வெளியே போயிருந்தது. கடைசி முழம் படகுக்குள் வந்தபோது அது இருக்கும் இடத்தை நான் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

கரைக்கு வரும்போது எட்டரை. வலையைக் கரையிலிருந்த மீன்வாடிக் கொட்டிலுக்குள் எறிந்து மேலே தென்னங்கிடுகைப் போட்டோம். அக்கா மீனைக் கண்டு "என்ர பிள்ளையாரே!" என்று கையைக் கூப்பினாள். நான் ஒரு பக்கமாகப் போய்க் கடற்படையின் அவசர இலக்கத்துக்கு எடுத்தேன்.

"யானையா? நல்லாப் பாத்தீங்களா? மரக்கட்டை, திமிங்கிலம், அப்படி ஒன்றும் இல்லையே?"

"ஐயா, தும்பிக்கை இருக்கு."

கலீலுர் றஹ்மான் நானாவுக்கு நான் சொன்னதெல்லாம் எனக்கே திரும்பி வந்தது. ஆனால் அந்த மனிதர் சிரிக்கவில்லை. நல்லவர். இடத்தைக் கேட்டு எழுதினார். "எத்தனை மணிக்குக் கண்டீங்க?"

அத்தான் எனக்கு முன்னால் நின்றார். "இப்ப எண்டு சொல்லு. ஆறரை எண்டா இவ்வளவு நேரமும் எங்க நிண்டனீங்கள் எண்டு கேப்பாங்கள்" என்று உதட்டுக்குள் சொன்னார்.

"எட்டேகாலுக்கு ஐயா" என்றேன்.

ஒன்பதேகாலுக்கு வந்துவிட்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, இரண்டு வேகப் படகு, சுழியோடிகள், கையளவு தடித்த கயிறு. இடத்தைக் காட்டச் சொல்லி எங்களையும் ஏற்றினார்கள். அதிகாரி ஒரு இளம் ஆள். அவருக்குத் தமிழ் தெரியாது, தமிழ் தெரிந்த ஒரு மாலுமி மாற்றிச் சொன்னார். எங்கள் இருவருக்கும் தண்ணீர்ப் போத்தல் தந்தார்கள். யானைக்கு உதவி செய்ய வந்த நல்ல மனிதர்கள் என்று எங்களைப் பற்றி அதிகாரி சொன்னாராம். அத்தான் தண்ணீரைக் குடிக்கவில்லை, போத்தலை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

வலை விட்ட இடத்துக்குக் கொண்டுபோனோம். வெறும் கடல். அதிகாரி வரைபடத்தை விரித்து, காற்று எவ்வளவு, நீரோட்டம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்து, எட்டேகாலிலிருந்து அது எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று ஒரு வட்டம் போட்டார். அந்த வட்டத்துக்குள் இரண்டு படகும் போயின, வந்தன, திரும்பிப் போயின. கடலில் நேரம் பிழைத்தால் தூரமும் பிழைத்துவிடும். யானை அந்த வட்டத்துக்கு வெளியே, தெற்கே இரண்டு மைலாவது தள்ளி நிற்கிறது என்று எனக்குத் தெரியும். அத்தானுக்கும் தெரியும். அந்தப் படகில் அது தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும்தான்.

"தெற்கால ஒருக்காப் போய்ப் பாத்தா என்ன?" என்று மெதுவாகக் கேட்டேன்.

மாலுமி கேட்டுச் சொன்னார். "அவ்வளவு தூரம் போயிருக்க ஏலாது எண்டு சேர் சொல்றார். எட்டேகாலுக்குத்தானே நீங்க கண்டது?"

அத்தான் என் தொடையில் கிள்ளினார். நான் வாயை மூடிக்கொண்டேன். இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். சுழியோடிகளில் ஒருவன், சின்னப் பையன் போல் முகம், முகக்கவசத்தைக் கையில் பிடித்தபடி எந்த நேரமும் குதிக்கத் தயாராகப் படகு நுனியிலேயே நின்றான். எங்கள் வலையைப் பிடிக்க வந்தவன் மாதிரியே அவன் இல்லை.

"ஆறரை" என்றேன்.

"என்ன ஆறரை?"

"ஆறரைக்குக் கண்டனாங்கள். எட்டேகால் பொய். அது தெற்கால போயிட்டுது. ஓடச் சொல்லுங்கோ ஐயா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், தெற்கால ஓடச் சொல்லுங்கோ!"

அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். மாலுமி சொன்னதும் அதிகாரி கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார், எங்கள் கைகளைப் பார்த்தார். முழங்கை வரை மீன் செதில். இதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிச் சுக்கான் பிடித்தவனிடம் ஒரு சொல் கத்தினார், படகு தூக்கிக்கொண்டு பறந்தது.

அரை மணித்தியாலத்துக்குள் கண்டோம். கறுப்பு மேடு அப்படியே தெரிந்தது. "அந்தா! அந்தா!" என்று நான் எழும்பி நின்று கத்தினேன். கிட்டப் போகப் போகத் தும்பிக்கையைத் தேடினேன். மேலே இல்லை. அது தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சுழியோடிதான் முதலில் குதித்தான். நீந்திப் போய்க் காதுக்குப் பின்னால் கையை வைத்தான். எடுக்கவில்லை, வைத்தபடியே இருந்தான். பிறகு அதிகாரியைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னான்.

"என்ன சொல்றார்?" என்று மாலுமியிடம் கேட்டேன்.

அவர் தொப்பியைக் கழற்றினார். நான் திரும்பக் கேட்டேன்.

"இப்பதானாம்" என்றார். "உடம்பு இன்னும் சூடாம்."

அத்தான் ஓவென்று அழத் தொடங்கினார். வயலில் நின்று வெடி கொளுத்தி யானை துரத்திய மனிதர், அக்காவைப் பெண்பார்க்க வந்த அன்றுகூட அந்தக் கதையைத்தான் பெருமையாகச் சொன்னவர், தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. என்னில் ஆத்திரம், அத்தானில் ஆத்திரம், ஒன்றுமே கேட்காத அந்த அதிகாரியிலும் ஆத்திரம். ஏன் இவ்வளவு நேரம் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் வாடியையும் கிடுகையும் கையை நீட்டிக் காட்டியிருப்பேன். அவர் தகவல் தந்ததற்கு நன்றி சொல்லச் சொன்னார். மாலுமி அதையும் மாற்றிச் சொன்னார்.

கயிறு கட்டினார்கள், இழுத்துக்கொண்டு போய் எங்கேயாவது புதைக்க வேண்டுமாம். அந்த நேரத்தில் என் போன் அடித்தது. அக்கா. பின்னால் ஒரே பிள்ளைகளின் சத்தம்.

"டேய், யானையைப் பிடிச்சாச்சே? இஞ்ச பள்ளிக்கூடத்தையே விட்டாச்சு. ரீச்சர்மாரும் பிள்ளையளும் எல்லாம் கடற்கரையில நிக்கினம். எங்கட பெடிச்சி அதுக்கு வாழைக்குலை கொண்டு வந்து வச்சிருக்கிறாள். எத்தினை மணிக்குக் கரைக்கு வரும்?"

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் போனை வாங்கக் கையை நீட்டவில்லை.

"வராது அக்கா" என்றேன். "பிள்ளையளை வீட்டை கூட்டிக்கொண்டு போ."