இரண்டு வாசுகிகள்

“ஆறு பக்கம் எழுதினான் என் பையன். இடுப்பு ஒடிய உக்காந்து எழுதினான். அத்தனையும் உன் மக தன் பேருல போட்டுக்கிட்டா. கேட்டா நான் கத்துறேன்னு சொல்ற.”

“கத்தத்தான் செய்யிறீங்க, ரூத் அக்கா. பீடோங் டவுன் வரைக்கும் கேக்குது. உங்க பையன் எழுதி நான் பார்த்ததில்ல. சாப்பிட்டுத்தான் பார்த்திருக்கேன். அதுவும் என் வீட்டுல.”

ரூத் கேட்டுக்கு வெளியே நின்றாள், பிரேமாவதி உள்ளே. நான் எதிர்வீட்டில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அன்று காலையில்தான் நல்ல மழை பெய்திருந்தது. அதனால் என்ன, செடிக்குத் தண்ணீர் கூடினால் ஒன்றும் ஆகிவிடாது.

சண்டைக்குக் காரணம் அலோர் ஸ்டாரில் இருக்கும் ஒரு கல்லூரி. ரூத்தின் மகன் ஷானும் பிரேமாவதியின் மகள் வாசுகியும் அங்கே முதல் தவணை படித்தார்கள். ஒரே வகுப்பு, ஒரே குழு. பேருந்து வராத ஊர்ப் பிள்ளைகள் எப்படிக் கல்லூரிக்கு வந்து சேர்கிறார்கள் என்று குழுவாக ஓர் ஆய்வு எழுத வேண்டும். தாளில் இல்லை. கல்லூரிக் கணக்கின் வழியாக இணையத்துக்குள் போய், எல்லாரும் ஒரே ஆவணத்தில் எழுத வேண்டும். யார் எந்த வரியை எழுதினார், யார் எதை அழித்தார் என்பதையெல்லாம் அந்த ஆவணமே பதிவு செய்து வைத்துக்கொள்ளுமாம். எங்கள் வீட்டு வரிசையில் அந்த வேலையை இத்தனை நாளாக நான் ஒருத்திதான் செய்து வந்தேன்.

விரிவுரையாளர் ரொஹானா அம்மையார், மலாயில் புவான் ரொஹானா, பதிவைத் திறந்து பார்த்திருக்கிறார். வாசுகி பெயரில் பக்கம் பக்கமாக இருக்கிறது. ஷான் பெயரில் ஒரு காற்புள்ளிகூட இல்லை. ஷான், வியாழக்கிழமை இணையச் சந்திப்புக்கு வந்து, நீ எழுதியது எது என்று காட்டு. இல்லையென்றால் இந்தப் பாடத்தில் பூஜ்யம், தவணையைத் திரும்பப் படிக்க வேண்டும் என்று குழுவுக்கே மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். ஷானின் அப்பா அந்தோணிதாஸ் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். திரும்பப் படிப்பதெல்லாம் கிடையாது, தவறினால் லோரிக்கு வந்துவிடு என்று மட்டும் சொல்லிவிட்டு டயரைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டார். ஷானுக்கு லோரியில் மாதா கோயிலுக்குப் போய்வந்தாலே தலைசுற்றும்.

உண்மை என்னவென்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். பக்கத்தில் ரூத் வீட்டு முன்கூடத்தில் பேசுவது என் சமையலறைச் சன்னலுக்குத் தானாக வந்துவிடுகிறது, நான் என்ன செய்ய.

எங்கள் வரிசையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வேலை பார்த்த எஸ்டேட் தோட்டத்தை விற்றபோது எல்லாரும் சேர்ந்தே இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்தோம். ஒரு வீட்டில் ஒரு சாமான் இருந்தால் இன்னொரு வீட்டில் அதை வாங்குவது இங்கே திமிர். ரூத் வீட்டு வைஃபையில் நான்கு வீடு ஓடுகிறது. படம் பார்க்கும் கணக்கு பிரேமாவதி வீட்டுக்காரர் ஜெயகுமாருடையது. அதில் என் பெயரில் ஒரு பூனைப்படம்கூட இருக்கிறது. பெரிய அண்டா என்னுடையது. இப்படி வளர்ந்த பிள்ளைகளிடம் ஆளுக்கொரு கல்லூரிக் கணக்கு என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்?

சேர்ந்த வாரமே ஆளுக்கொரு மின்னஞ்சல் முகவரியும் தற்காலிக பாஸ்வர்டும் கொடுத்தார்கள். உள்ளே போய் பாஸ்வர்டை மாற்ற வேண்டும். கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கிக் கணக்கோடு இணைக்க வேண்டும். வாசுகி அன்றைக்கே முடித்துவிட்டாள். ஷானின் கைப்பேசியில் செயலி இறக்க இடமில்லை. பந்து விளையாட்டுக் காணொளிகளை அழித்தால் இடம் வரும். அவன் அழிக்கவில்லை. நாளைக்குச் செய்கிறேன் என்று தவணை முழுவதும் சொன்னான். அதுவரைக்கும் உன்னோடதுலயே நானும் எழுதிக்கிறேன் என்றான். அவளும் பாஸ்வர்டைச் சொன்னாள். புவான் ரொஹானாவின் மின்னஞ்சலைக்கூட அவன் வாசுகியின் பெட்டிக்குள் போய்த்தான் படித்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, அந்த ஆறு பக்கமும் அவன் எழுதியதுதான். ஆனால் அதைச் சொன்னால் பாஸ்வர்ட் கதையையும் சொல்ல வேண்டும். கல்லூரியில் அது குற்றம். வீட்டில் அதைவிடப் பெரிய கேள்வி வரும். அதனால் அம்மாவிடம் பாதியைச் சொன்னான்: வாசுகி பேரில் போய்விட்டது. மீதியை ரூத் தானே நிரப்பிக்கொண்டு கேட்டுக்கு வந்துவிட்டாள்.

அந்தச் சண்டையின்போது ஷான் அம்மாவுக்குப் பின்னால்தான் நின்றான், தன் சிலிப்பரைப் பார்த்துக்கொண்டு. வாசுகி கதவருகில் நின்று அவனையே பார்த்தாள். திருடி என்ற சொல் ரூத் வாயிலிருந்து வந்தபோதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவன் சிலிப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் உள்ளே போய்விட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் பச்சைப்பயறு கஞ்சி காய்ச்சினேன். கூடிப்போய்விட்டதால் ரூத் வீட்டுக்கு ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு போனேன். சந்திப்பு தொடங்கும் நேரம் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஷான் தலை சீவி, மாதா கோயிலுக்குப் போடும் சட்டை போட்டு, மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தான். சந்திப்பின் இணைப்பை அமுக்கினான். சக்கரம் சுற்றியது. கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு உள்ளே விட்டது.

திரையில் புவான் ரொஹானா. பக்கத்துக் கட்டத்தில் வாசுகி. அவள் தோளுக்குப் பின்னால் பிரேமாவதியின் முழங்கை. இன்னொரு கட்டத்தில் நம் ஷான், அவனுக்குப் பின்னால் ரூத், கஞ்சிக் கிண்ணத்தோடு நான். ஷான் வணக்கம் சொல்லி, நான் எழுதியதை நீங்கள் நம்ப வேண்டும் என்று மலாயில் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்க ஆரம்பித்தான்.

புவான் ரொஹானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, உங்களில் யார் வாசுகி என்று கேட்டார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். அந்தப் பெண்ணின் படத்துக்குக் கீழே வாசுகி ஜெயகுமார் என்று இருந்தது. அரும்பு மீசை வைத்த ஷானின் படத்துக்குக் கீழேயும் வாசுகி ஜெயகுமார் என்றுதான் இருந்தது. இணைப்பை அமுக்கினால் போதும் என்று நினைத்துவிட்டான் பையன். மடிக்கணினிக்குத் தெரிந்த ஒரே ஆள் வாசுகி. அது அவளாகவே அவனை உள்ளே அனுப்பியிருந்தது.

“நான்தான் புவான், ஷான்,” என்றான். “இது வந்து... வாசுகியோடது. ஆறு பக்கமும் இதுல இருந்துதான் எழுதினேன். அவ திருடல.”

அந்தக் கடைசி வரியை மட்டும் தமிழில் சொன்னான். புவான் ரொஹானாவுக்காக இல்லை.

ரூத் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் புவான் ரொஹானா விவரமான மனுஷி. பாஸ்வர்ட் தெரிந்தால் மட்டும் போதாதே என்றார். வேறு கணினியிலிருந்து யாராவது நுழைந்தால், உள்ளே வர முயல்வது நீங்கள்தானா என்று ஒவ்வொரு முறையும் வாசுகியின் கைப்பேசியில் கேட்கும். ஆம், நான்தான் என்று அவள் அமுக்கினால்தான் திறக்கும். அப்படியானால் அமுக்கியது யார்?

பிரேமாவதிக்கு மலாய் நன்றாகவே தெரியும். முழங்கை மறைந்து முகம் வந்தது.

“எத்தனை தடவைடி அமுக்குன?”

“கேட்டப்பல்லாம்,” என்றாள் வாசுகி.

கோயில் பூசையில், ஜெயகுமாரின் தொழிற்சாலை விருந்தில், சித்தப்பா வீட்டுத் துக்கத்தில்கூட அந்தப் பெண்ணின் கைப்பேசி சிணுங்கியதும் எடுத்து ஒரு தட்டுத் தட்டுவாளே, அதெல்லாம் பிரேமாவதிக்கு ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்ததை நான் திரையிலேயே பார்த்தேன். புவான் ரொஹானாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அந்த நேரம் பார்த்துத் திரும்பிக்கொண்டு தண்ணீர் குடித்தார்.

அன்றைக்கு ஷான் முன்னால் சக்கரம் சுற்றியபோதும் அமுக்கியிருக்கிறாள் என்பதுதான் எங்கள் வரிசையில் இன்றுவரை தீராத வழக்கு. பழக்கத்தில் கை போனதா, வேண்டுமென்றே அவனை அந்தப் பெயரோடு உள்ளே விட்டாளா? நான் இரண்டாவது கட்சி.

தீர்ப்பு இதுதான். வாசுகிக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை, மதிப்பெண்ணில் வெட்டு. ஷான் அங்கேயே தன் கணக்கைத் திறக்க வேண்டும். கேமரா முன்னால் உட்கார்ந்து தன் பகுதியைப் பார்க்காமல் திரும்ப எழுத வேண்டும். எழுதினால் தேர்ச்சி, இல்லையென்றால் லோரி. அவர் லோரி என்று சொல்லவில்லை, அது எங்களுக்குத் தெரிந்தது.

பந்து விளையாட்டெல்லாம் அழிந்தது. புதிய பாஸ்வர்டில் பெரிய எழுத்தும் எண்ணும் குறியும் வேண்டும் என்று கணினி திருப்பித் திருப்பி அனுப்பியது. ரூத் புனிதர் பெயர் ஒன்றைச் சொன்னாள். வேலை முடிந்து அப்போதுதான் வந்த அந்தோணிதாஸ் லோரி எண்ணைப் போடச் சொன்னார். நான் ஆச்சரியக்குறி யோசனை சொன்னேன். நான்கு வீட்டுக்கும் தெரிந்த பாஸ்வர்ட் ஒன்று ஒருவழியாக அமைந்தது.

எழுதினான். மோட்டார் சைக்கிளில் மூன்று பேராகப் போகும் பிள்ளைகள், பாதி வழியில் இறக்கிவிடும் தொழிற்சாலை வேன், மழையில் நனையாமல் பையை மட்டும் காப்பாற்றும் வித்தை என்று எல்லாமே கையோடு வந்தது. அந்தோணிதாஸ் வாசலில் நின்று கடைசி வரை பார்த்தார். மயிரிழையில் தேறினான். அவனைத் திரும்ப லோரிக்கு யாரும் கூப்பிடவில்லை.

மறுநாள் சாயங்காலம் வாசுகி ரூத் வீட்டு கேட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னார்கள், வரவில்லை.

“பாஸ்வர்ட் மாத்திட்டேன், ஷான். நேத்து புவான் முன்னால சொன்னத முந்தாநாள் எங்க கேட்டுல சொல்லியிருக்கணும். உங்கம்மா முன்னால.”

அவ்வளவுதான் பேசினாள். அவன் கேட்டைத் திறப்பதற்குள் அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

வரிசையில் நாங்கள் இவர்கள் இருவர் கல்யாணத்தைக் கோயிலில் வைப்பார்களா, மாதா கோயிலில் வைப்பார்களா என்றுகூடப் பேசி வைத்திருந்தோம். வீண் பேச்சு. வாசுகி படித்து முடித்து அலோர் ஸ்டாரில் வேலைக்குப் போனாள். பெண்டாங்கில் நெல் அறுக்கும் இயந்திரம் வாடகைக்கு விடும் வசந்தனைக் கட்டிக்கொண்டு அவன் ஊருக்கே குடிபோனாள். ஷானுக்குக் கூலிமில் வேலை கிடைத்தது. தஞ்சோங் டாவாய் பெண் அலிசியாவைக் கட்டி, ஜொகூருக்கு மாற்றலாகிப் போய்விட்டான். வேடிக்கை என்னவென்றால், பிள்ளைகள் இரண்டும் போன பிறகு ரூத்தும் பிரேமாவதியும் இணைபிரியாமல் ஆகிவிட்டார்கள். போன வருடம் வாசுகிக்குக் குழந்தை பிறந்ததும் பிரேமாவதியும் ஜெயகுமாரும் பெண்டாங்குக்கே போய்விட்டார்கள். ரூத் மாதத்தில் பாதி நாள் அங்கேதான் இருக்கிறாள். அந்தோணிதாஸ் லோரியை நிறுத்திவிட்டு, குழம்பு ஏதாவது இருக்கா தேவகி என்று என் கேட்டில் வந்து நிற்கிறார்.