லாரி திருச்சி தாண்டிருச்சு

இலந்தை இலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் ஷாநவாஸ் புறங்கையை வைத்துப் பார்த்தான். இன்னும் சூடாகத்தான் இருந்தது.

"ஒரு சொம்பு பச்சத்தண்ணி ஊத்து. உங்கத்தா சூடா டீயே குடிக்க மாட்டாரு" என்றார் பள்ளிவாசல் மோதினார்.

வீட்டின் பின்பக்கத்தில் ஜமுக்காளத்தைக் கட்டி மறைத்திருந்தார்கள். அதற்குள் மரப்பலகையில் அவனுடைய அத்தா பாதுஷா கிடந்தார். நேற்று அந்தி மஃரிப் தொழுதுவிட்டு வந்து, கொஞ்சம் படுக்கிறேன் என்றவர் எழுந்திருக்கவில்லை. துபாயிலிருந்து மூத்த மகன் முபீன் வந்து சேர்வதற்காகத்தான் குளிப்பாட்டாமல் வைத்திருந்தார்கள்.

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பெண்களின் அழுகை ஒருமுறை உயர்ந்து தணிந்தது. முபீன் சட்டைக் கையை மடித்தபடி ஜமுக்காளத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான். ஷாநவாஸ் எழுந்து கையை நீட்டினான். முபீன் அதைப் பார்க்கவில்லை. அத்தாவின் முகத்தைப் பார்த்தான்.

"பக்ரீத் முடிஞ்சதும் ஆபரேஷன்னு சொன்னாரு. பக்ரீத் முடிஞ்சு எம்புட்டு நாளாச்சு? பக்கத்துல இருந்துக்கிட்டு என்னடா பண்ணுன?"

"மொதல்ல தண்ணி ஊத்துங்கப்பா" என்றார் மோதினார். "மையத்துக்கு முன்னாடி சத்தம் போடக்கூடாது."

முபீன் சொம்பை வாங்கிக்கொண்டான். வலதுபக்கம் முதலில், பிறகு இடது. அண்ணன் ஊற்ற, தம்பி துணி சுற்றிய கையால் தேய்த்தான். நெஞ்சில் தண்ணீர் விழுந்தபோது முபீனின் கை நின்றது. நரைத்த நாலு முடி. ஒரு கீறல் இல்லை. எழுபது வயதிலும் வழவழப்பாக இருந்த நெஞ்சு. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோதினார் கனைத்தார்.

ரம்ஜானுக்கு முன்பு ஒருநாள், அந்த நெஞ்சைப் பற்றி டாக்டரம்மா விளக்கிச் சொன்னபோது அத்தாவுடன் இருந்தவன் ஷாநவாஸ் மட்டும்தான்.

"மூணு குழாய்லயும் அடைப்பு, கூடவே சர்க்கரை. இந்த மாதிரி உள்ளவங்களுக்கு பைபாஸ்தான் ரொம்ப நாளைக்குக் கைகொடுக்கும். ஆனா உங்க கிட்னி பலவீனமா இருக்கு. ஆபரேஷன்ல ஆபத்து உண்டு, அதை நான் மறைக்க மாட்டேன். மணிக்கட்டு வழியா கம்பி விட்டு ஸ்டென்ட் வைக்கிறது உடம்புக்கு லேசு. வலி குறையும். ஆனா உங்களுக்கு ரெண்டு எடத்துலதான் வைக்க முடியும். மூணாவது அப்படியே கெடக்கும். அதுக்குச் செலுத்துற மருந்தும் கிட்னிக்குச் சுமை."

"மாத்திரை மட்டும்னா?" என்று கேட்டார் பாதுஷா.

"மாத்திரை அடைப்பைத் தொறக்காது. மேல மேல கூடாம பாத்துக்கும், ரத்தம் கட்டாம பாத்துக்கும், இதயத்துக்கு வேலையைக் குறைக்கும். அதை ஒழுங்கா சாப்பிட்டே வருஷக்கணக்கா நடமாடுறவங்க இருக்காங்க. ஆனா உங்களுக்கு நான் மொதல்ல சொல்றது அது இல்ல."

"அப்ப, கீறுனா நல்லது, குத்துனா சுமாரு, முழுங்குனா என் பாடு. அப்படித்தானம்மா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "வீட்ல கலந்து பேசிட்டு வாங்க."

திரும்பும்போது அத்தா வண்டியை வண்டியூர் தெப்பக்குளத்துக்கு விடச் சொன்னார். படியில் உட்கார்ந்து பருத்திப்பால் வாங்கிக் குடித்தார். சர்க்கரைக்காரர் குடிக்கக் கூடாது என்று அன்றைக்கு ஷாநவாஸ் சொல்லவில்லை. தண்ணீர் நிறைந்து கிடந்தது. காற்று மைய மண்டபத்தைச் சுற்றிவிட்டு வந்து அவருடைய தொப்பியைத் தூக்கப் பார்த்தது.

"நான் முழுங்கிக்கிறேன்டா" என்றார்.

"அத்தா, டாக்டரம்மா சொன்னதைக் கேட்டீங்கள்ல?"

"கேட்டேன். என் நெஞ்சு என்ன ஜிப்பு வச்ச பையா, தொறந்து பாத்துட்டு இழுத்து மூட? இருக்கிற வரைக்கும் கடைக்குப் போயிட்டு வாரேன்." தொப்பியை அழுத்திக்கொண்டு சொன்னார்: "அண்ணன்கிட்ட ஆபரேஷன்னுதான் சொல்லுவேன். இல்லன்னா அவன் அங்க சோறு திங்க மாட்டான். நீ வாயத் தொறந்துராத."

ஷாநவாஸ் திறக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அண்ணன் போனில் கேட்டபோது, "பாத்துக்கிட்டு இருக்கோம்ண்ணே" என்றான். அத்தாவிடம் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாமோ என்ற நினைப்பு நேற்றிலிருந்து அவனை விடவில்லை.

கஃபன் துணி உடுத்தி, அத்தர் தடவி, கூடத்தில் கொண்டுவந்து கிடத்தினார்கள். அக்கா சைனப் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். சோழவந்தானிலிருந்து விடியும்போதே வந்துவிட்டவள். முபீனைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"அண்ணே, கையில ஓட்ட போட்டு வைப்பாங்களே, அதுக்குச் சரின்னு என்கிட்ட சொன்னாருண்ணே. என் மக முபீனாவுக்கு நிச்சயம் முடியட்டும், மறுநாளே போவோம்னாரு."

முபீன் நிமிர்ந்தான். "என்கிட்ட ஆபரேஷன்னாரே!"

இரண்டு பேரும் திரும்பி ஷாநவாஸைப் பார்த்தார்கள். அக்காவுக்கும் அத்தா ஒரு வாக்குக் கொடுத்திருந்தார் என்பது அவனுக்கே இப்போதுதான் தெரிந்தது.

"உன்கிட்ட என்னடா சொன்னாரு?"

சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம். தன் மேல் இருக்கும் பழி அந்த நிமிஷமே இறங்கிவிடும். ஆனால் அது இறங்கிப் போய் உட்காருகிற இடம் கூடத்தின் நடுவில் வெள்ளைத் துணிக்குள் இருந்தது. அண்ணனை ஏமாற்றியவராக அவரை மண்ணுக்குள் அனுப்ப முடியாது.

"என்கிட்ட ஒண்ணும் சொல்லலண்ணே."

"கூடவே இருந்தவன்கிட்ட ஒண்ணும் சொல்லல! ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக ஒனக்கு நேரமில்ல, அதச் சொல்லு."

சைனப் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஷாநவாஸ் வாசலுக்கு வந்துவிட்டான்.

வாசல் பிளாஸ்டிக் நாற்காலிகளில் விளக்குத்தூண் பக்கத்துக் கடைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாதுஷாவின் லைனிங் துணிக்கடை அங்கேதான். லைனிங், பட்டன், ஜிப், நூல்கண்டு. பள்ளிக்கூடம் விட்டதும் அண்ணனும் தம்பியும் அந்தக் கடையின் மேசைக்கு அடியில் உட்கார்ந்து சிந்திய பட்டன்களை நிறம் பிரிப்பார்கள். மேலே அத்தா முழங்கையால் துணியை அளந்து, ஓரத்தில் கத்தரியை ஒருமுறை வைத்துவிட்டு, சர்ரென்று ஒரே இழுப்பில் கிழிப்பார். புதுத்துணியின் கஞ்சி வாசனை தலைக்கு மேல் தூசியாக இறங்கும். முபீன் எப்போதும் தன் பங்குப் பட்டன்களையும் தம்பி பக்கம் தள்ளிவிட்டுத் தூங்கிப்போவான்.

"ஒங்கத்தா மாதிரி யாவாரி இனிமே இல்ல மாப்ள" என்றார் தையல்கடை பேச்சிமுத்து. "சரக்கு இருக்காது. ஆனா இல்லங்கிற வார்த்த அவரு வாயில வராது. 'சாயங்காலம் வாங்கண்ணே'ம்பாரு. சாயங்காலம் போனா, 'லாரி திருச்சி தாண்டிருச்சு'ம்பாரு. ஒரு மெரூன் லைனிங்குக்கு என்னைய ஒரு வாரம் நடக்க விட்டாருய்யா. கடைசியில பாத்தா லாரியே கெளம்பல!"

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். "அப்புறம் ஏன்யா அங்கயே போன?"

"மூஞ்சிக்கு நேரா இல்லன்னு சொல்ற கடைக்கு எவன் போவான்? இவரு டீயும் வாங்கிக் குடுத்து, நாளைக்கு வந்துரும்னு தெம்பா அனுப்புவாரு. பொய்யின்னு தெரியும். ஆனாலும் வீட்டுக்குப் போறப்ப நல்லாத்தான் இருக்கும்."

நிலைப்படியில் முபீன் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. உள்ளே திரும்பினான்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாக் கட்டிலைப் பள்ளிவாசல் முற்றத்தில் இறக்கினார்கள். வரிசை நின்றதும் தொழவைக்கும் ஹஜ்ரத் வழக்கம்போலக் கேட்டார்: "மகன்ல ஒருத்தர் வந்து மன்னிப்புக் கேட்டுக்கங்க." இறந்தவருக்காக அவருடைய வாரிசு ஊரிடம் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் அங்கே தொழுகை தொடங்கும். மூத்தவன் கேட்பதுதான் முறை. எல்லாரும் முபீனைப் பார்த்தார்கள்.

"அவனே கேக்கட்டும்" என்றான் முபீன். "கூட இருந்தவன் அவன்தான்."

ஷாநவாஸ் முன்னால் வந்தான்.

"எங்கத்தா பாதுஷா உங்க யாரு மனசையாச்சும் நோக வச்சிருந்தா, அல்லாவுக்காக மன்னிச்சிருங்க." இவ்வளவுதான் எல்லாரும் சொல்வது. ஹஜ்ரத் கையை உயர்த்தப் போனார். ஷாநவாஸ் நகரவில்லை.

"யாருகிட்டயாச்சும் ஒண்ணு செய்யிறேன்னு வாய் நெறையச் சொல்லிட்டு, செய்யிற எண்ணமே இல்லாம இருந்திருந்தா, அதையும் மன்னிச்சிருங்க. பிரியமானவங்ககிட்ட இல்லன்னு சொல்ல அவருக்கு வராது."

"மன்னிச்சிட்டோம், மன்னிச்சிட்டோம்" என்று வரிசைகளில் முணுமுணுப்பு ஓடியது. வெளி கேட்டருகே செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற பேச்சிமுத்து, "நாங்களும்தான்" என்றார்.

முதல் வரிசையில் முபீனின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அவன் தம்பியைப் பார்க்கவில்லை. கட்டிலில் கிடந்த அத்தாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஷாநவாஸ் வந்து பக்கத்தில் நின்றதும் முபீன் நெருங்கித் தோளைச் சேர்த்துக்கொண்டான்.

மையவாடியில் முந்தின நாள் மழையால் மண் இளகியிருந்தது. மகன்கள் இருவரும் கபர்க் குழிக்குள் இறங்கினார்கள். மேலே கட்டிலின் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உனக்கு எப்பத் தெரியும்?" முபீன் மெதுவாகக் கேட்டான்.

"டாக்டரம்மாகிட்ட போயிட்டு வந்த அன்னைக்கே. தெப்பக்குளத்துல வச்சு."

"அன்னைக்கேவா?"

"பருத்திப்பால் குடிச்சாரு. நான் தடுக்கல."

முபீன் தலையசைத்தான். அதற்குள் மேலிருந்து அத்தாவை இறக்கினார்கள். தலைப்பக்கம் முபீன் தாங்கினான், கால்பக்கம் ஷாநவாஸ். வலப்பக்கமாகச் சாய்த்து, முகம் கிப்லா திசையைப் பார்க்க வைத்து, முதுகுக்கு ஈரமண் உருண்டைகளை அண்டக் கொடுத்தார்கள். அவர் இவ்வளவு லேசாக இருப்பார் என்று இரண்டு பேரும் எதிர்பார்க்கவில்லை.

"மேல வாங்கப்பா, பலகை அடுக்கணும்" என்று யாரோ கையை நீட்டினார்.

முபீன் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. குனிந்து, இரண்டு கைவிரல்களையும் கோத்து, முழங்கால் உயரத்தில் ஏந்தினான்.

"மிதிச்சு ஏறு."

"கால்ல மண்ணா இருக்குண்ணே."

"ஏறுடா."

ஷாநவாஸ் அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டு, சேறு அப்பிய பாதத்தை அந்தக் கைகளுக்குள் வைத்தான். கைகள் ஒருகணம் தாழ்ந்தன. பிறகு அவனைத் தாங்கி மெல்ல உயர்ந்தன.